ஈரக் கச்சானும் வெளிநாட்டுச் சான்றிதழும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. கச்சான் செய்கிறவர்களும், கச்சான் வாங்கி விற்கிறவர்களும், வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்களும் கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வன்னியில் இந்த மூன்றிலும் சேராத வீடு எத்தனை இருக்கப்போகிறது?

போன அறுவடை முடிந்த கையோடு எங்கள் ஊரில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. பக்கத்துக் கிராமத்துத் தமிழ் விவசாயிகள் சிலரும் எங்கள் ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். கனடாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இவ்வூர்த் தம்பி ஒருவர், முல்லைத்தீவுக் கச்சானை நேரடியாக எடுக்க விருப்பம் என்று எழுதியிருந்தார். கூடவே அவருடைய இறக்குமதி முகவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அதை வாசித்துச் சொல்லத்தான் எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் கூப்பிட்டார்கள்.

கடிதத்தில் நான்கு விடயங்கள் கேட்கப்பட்டிருந்தன. ஒன்று, வியாபாரப் பதிவும் ஏற்றுமதியாளர் பதிவும். இரண்டு, தாவர சுகாதாரச் சான்றிதழ். மூன்று, ஒவ்வொரு தொகுதிக்கும் அஃப்லடொக்சின் சோதனை அறிக்கை. நான்கு, ஒவ்வொரு சாக்கும் எந்தக் காணியில் விளைந்தது, எப்போது பிடுங்கியது, எங்கே காயவைத்தது என்ற பதிவு.

முதல் இரண்டுக்கும் வழி தெரியும் என்றார்கள். பிரதேச செயலகத்தில் தொடங்கி ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, சுங்கம், கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுகாப்பு அலுவலகம் என்று அலைய வேண்டியதுதான். மூன்றாவதைக் கேட்டதும் முகங்கள் சுருங்கின. நான்காவதை வாசித்தபோது ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் சொன்னார்:

“சேர், எங்கட சாக்கில எங்க பேர் இருக்கு? எல்லாம் ஒண்டாத்தானே லொறியில ஏறுது.”

எங்களுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. முழுப் பிரச்சினையையும் அந்தப் பெரியவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் கொழும்பில் எங்கோ ஒரு கந்தோரில், தெரிந்த ஒருவரைப் பிடித்து எடுக்கிற காகிதம் என்றுதான் நாம் நினைத்து வந்திருக்கிறோம். அந்தக் காகிதத்தின் பாதி நம்முடைய முற்றத்தில், கச்சானைப் பிடுங்கிய முதல் வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இதை நம் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

முதலில் அஃப்லடொக்சின் என்றால் என்ன? கச்சான், சோளம், கொப்பரா, மிளகாய் போன்றவற்றில் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கிறது. அது சுரக்கும் நஞ்சுதான் இது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது ஈரலைத் தாக்கும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் பின்னர் உறுதியானது. வறுத்தால் கொஞ்சம் குறையும், முற்றாகப் போகாது.

ஐரோப்பிய ஒன்றியம், நேரடியாக உண்ணும் கச்சானில் இந்த நஞ்சின் மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் அந்த எல்லை 20. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னால், ஐரோப்பியக் கணக்கில் 1,000 கிலோக் கச்சானில் 4 மில்லிகிராம். ஒரு அரிசி மணியின் எடையே ஏறத்தாழ 20 மில்லிகிராம். ஒரு அரிசி மணியை ஐந்தாக உடைத்து, அதில் ஒரு துண்டளவு நஞ்சு ஒரு தொன்னில் இருந்தால் அதுதான் எல்லை.

இன்னொரு விடயமும் இருக்கிறது. இந்த நஞ்சு எல்லாக் கச்சானிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு மூட்டையில் பெரும்பாலான பருப்பு சுத்தமாக இருக்கும். பூஞ்சணம் பிடித்த ஒரு கைப்பிடிக்குள் மூட்டை முழுவதையும் பழுதாக்கும் அளவுக்கு நஞ்சு இருக்கும். அந்தக் கைப்பிடி யாருடைய காணியிலிருந்து வந்தது? மழைக்குப் பயந்து அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கில் கட்டியவருடையதா? நிறை கூடட்டும் என்று தண்ணீர் தெளித்தவருடையதா? லொறியில் எல்லாம் ஒன்றாக ஏறிய பிறகு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பத்து நாள் வெயிலில் பிரட்டிப் பிரட்டிக் காயவைத்த அம்மாவின் கச்சானும் சேர்ந்தே தள்ளுபடியாகும்.

ஆகவே அந்த நான்காவது கேள்வி வெறும் அலுவலகத் தொல்லை இல்லை. நேர்மையாகப் பாடுபடுகிறவனைக் கவலையீனமானவனிடமிருந்து காப்பாற்ற இருக்கிற ஒரே வழி அதுதான்.

மீன் விடயத்தில் இதை நாடே அனுபவித்தது. பிடிக்கப்பட்ட மீன் சட்டபூர்வமானது என்று காட்டும் சான்றிதழை ஐரோப்பிய ஒன்றியம் 2010 இலிருந்து கேட்கிறது. நம் நாட்டின் ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை, சட்டத்தை மீறியவர்களுக்குப் போதிய தண்டனை இல்லை என்று எச்சரித்தார்கள். 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தார்கள். 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2016 நடுப்பகுதியில்தான் நீங்கியது. குற்றம் சாட்டப்பட்டவை சர்வதேசக் கடலில் வாரக்கணக்கில் நின்று பிடிக்கும் பெரிய படகுகள். முல்லைத்தீவிலும் நாச்சிக்குடாவிலும் சின்னப் படகில் போய் அன்றன்றே கரை திரும்பும் எங்கள் மீனவர் அந்தக் கடலைக் கண்டதே இல்லை. ஆனால் தடை விழுந்தது இலங்கை என்ற பெயரின் மேல். பதிவு இல்லாத இடத்தில் நல்லவனையும் கெட்டவனையும் ஒரே பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

இங்கே சிலர் கேட்பார்கள், இதெல்லாம் பணக்கார நாடுகள் நம் பொருளை மறிக்கக் கட்டிய மதில் இல்லையா என்று. நியாயமான கேள்வி. 2001 இல் உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஐரோப்பாவின் கடுமையான அஃப்லடொக்சின் எல்லையால் ஆபிரிக்க நாடுகளுக்கு ஆண்டுக்கு 67 கோடி டொலர் ஏற்றுமதி இழப்பு வரலாம் என்றும், சர்வதேச எல்லையோடு ஒப்பிட்டால் அதனால் காப்பாற்றப்படுவது நூறு கோடிப் பேரில் ஆண்டுக்கு இரண்டு உயிருக்கும் குறைவு என்றும் சொன்னார்கள். எல்லையை எவ்வளவு இறுக்குவது என்பதில் அரசியல் இருக்கிறது. நம் அரசு சர்வதேச மேடைகளில் அதைப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் நாங்கள் ஆசிரியர்கள். எங்களுக்கு முதலில் வருகிற கேள்வி வேறு. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆகாது என்று கழிக்கப்படுகிற கச்சான் எங்கே போகிறது? குப்பையிலா கொட்டுகிறோம்? அது திருவிழாக் கடைக்கும், பஸ் நிலையத்துக்கும், பாடசாலை வாசலில் விற்கும் சுருளுக்கும் வருகிறது. இடைவேளையில் நம் பிள்ளைகள் வாங்கிச் சாப்பிடுவது அதைத்தான். வெள்ளைக்காரன் பிள்ளைக்கு ஆகாதது நம் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?  நாம் சம்பலிலும் இனிப்பிலும் மாவிலும் சேர்த்து அடிக்கடி உண்கிறவர்கள்.

2021 இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இதே அஃப்லடொக்சின் இருப்பதாகத் தெரியவந்தபோது இலங்கை முழுக்கக் கொதித்தது நினைவிருக்கிறதா? திருப்பி அனுப்பு என்று எல்லோரும் கேட்டோம். அன்றைக்கு வாங்குகிற பக்கத்தில் நின்று நாம் கேட்டது சரியென்றால், இன்றைக்கு விற்கிற பக்கத்தில் நிற்கும்போது நம்மிடம் அதையே கேட்பதும் சரிதான்.

முஸ்லிம்களாகிய எங்களுக்குச் சான்றிதழ் என்ற சொல் ஒரு கசப்பான நினைவையும் கொண்டுவரும். 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நாட்டில் எழுப்பப்பட்ட கூச்சலை மறக்க முடியுமா? சாப்பாட்டுப் பக்கற்றில் இருந்த ஒரு சின்ன அடையாளத்தை வைத்து ஒரு சமூகத்தையே சந்தேகத்துக்குரியதாக்கினார்கள். அந்த மார்ச் மாதத்தில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, நாட்டின் அமைதிக்காக உள்ளூர்ச் சந்தையில் அந்த இலச்சினையை விலக்கிக்கொள்ள இணங்கியது. ஆனால் ஏற்றுமதிப் பொருட்களுக்கு அது தொடர வேண்டும் என்பதில் வணிகர்களுக்கும் உடன்பாடு இருந்தது. 2014 இலிருந்து அந்த வேலையை ஹலால் அக்ரடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் செய்து வருகிறது.

உள்ளூரில் வேண்டாத அடையாளம் கப்பலில் ஏறும்போது மட்டும் ஏன் வேண்டும்? ஏனென்றால் நம்மைத் தெரியாத ஒரு தேசத்தில், நம் மொழி தெரியாத ஒருவர் அந்தப் பொருளைக் கையில் எடுக்கிறார். அவருக்கு நம் முகம் தெரியாது, வாக்குத் தெரியாது. யாராவது சாட்சி சொல்ல வேண்டும். வெறும் கச்சானுக்கு ஹலால் கேள்வி எழுவது குறைவு. இறைச்சிக்கும் சுவையூட்டி சேர்த்த உணவுக்கும் எழும். கச்சானுக்கு எழுவது அஃப்லடொக்சின் கேள்வி. கேள்விகள் வேறாக இருந்தாலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தியமாகச் சொல்வாயா?

மார்க்கம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சம்பவம் நினைவுக்கு வரும். நபியவர்கள் (ஸல்) சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் சொன்னார்கள். ஜும்ஆ மேடையில் பலமுறை கேட்ட ஹதீஸ்தான். கச்சான் சாக்கைக் கட்டும்போது எத்தனை பேருக்கு அது நினைவிருந்தது? ஆய்வுகூடத்துக் கருவி இன்றைக்குச் செய்வதும் அதே வேலைதான். குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கிறது.

காகிதத்தின் பெறுமதியை வன்னி மக்களுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் எங்கள் பெற்றோர் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதியை விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! 2009 இல் தமிழ் உறவுகள் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாமல் வந்தவர்கள் எத்தனை பேர்! திரும்பி வந்து, இது என் காணி, இவன் என் பிள்ளை என்று நிரூபிக்க இரண்டு சமூகமும் ஒரே கந்தோர் வாசலில் வரிசையில் நின்றோம். எழுதி வைக்காதது நம்முடையதாக இருந்தாலும் நம்முடையது என்று காட்ட முடியாது என்பதை அங்கேதான் படித்தோம். விளைச்சலுக்கும் அதே கதைதான். இன்றைக்கு முல்லைத்தீவுக் கச்சான் பெயரில்லாத சாக்கில் போய், வேறு ஊரில் வேறு பெயரில் பக்கற்றாகிறது. 2022 பெப்ரவரியில் சிலோன் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதலாவது குறியீடு அது. ஒரு ஊரின் பெயர் விலை பெற வேண்டுமென்றால் அந்தப் பெயருக்குப் பின்னால் சாட்சி இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் கூட்டத்தில் பேசியதையும், பிறகு விவசாயப் போதனாசிரியர் ஒருவரோடு கதைத்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலாவது, காயவைத்தல். பிடுங்கிய கச்சானை மண்ணில் குவிக்க வேண்டாம். படங்கு விரித்து மெல்லிதாகப் பரப்பி, பிரட்டிக் காயவையுங்கள். இருட்டினால் மூடுங்கள். பருப்பில் ஈரப்பதன் 8 வீதத்துக்குக் கீழே வர வேண்டும். கருவி இல்லாதவர்கள் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். நிறைக்காகத் தண்ணீர் தெளிப்பது நஞ்சை நாமே ஊற்றி வளர்ப்பதற்குச் சமம். சுருங்கியது, நிறம் மாறியது, வண்டு குத்தியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்; வான்கோழிகளுக்கு நடந்ததை மேலே சொன்னோம்.

இரண்டாவது, கொப்பி. ஒரு 80 பக்கக் கொப்பி போதும். எந்தக் காணி, விதை எங்கே வாங்கியது, என்ன மருந்து எப்போது அடித்தது, பிடுங்கிய திகதி, எத்தனை நாள் காய்ந்தது, எத்தனை சாக்கு. சாக்கில் ஒரு இலக்கம், கொப்பியிலும் அதே இலக்கம். எழுதத் தெரியாது என்று சொல்லாதீர்கள். சாதாரண தரத்தில் வணிகப் பாடம் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எஸ்.எல்.எஸ். இலச்சினை என்றால் என்ன என்று பரீட்சைக்குப் பாடமாக்குகிற பிள்ளைக்கு, வாப்பாவின் கச்சானுக்குக் கொப்பி எழுதுவதைவிடச் சிறந்த செயற்பாடு எது? விவசாயத் திணைக்களம் வழங்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்குப் போகிறவர்களுக்கும் இப்படி எழுதிவைத்த பதிவுதான் அடித்தளம்.

மூன்றாவது, பொதுக் கொட்டில். தனித்தனியே ஒருவராலும் தொகுதிக்குத் தொகுதி சோதனைச் செலவைத் தாங்க முடியாது. கமக்காரர் அமைப்பு மூலமாகவோ கூட்டுறவுச் சங்கம் மூலமாகவோ இருபது முப்பது பேர் சேர்ந்தால் முடியும். ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும். கொட்டில் வாசலில் ஈரம் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் அது யாருடையதாக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டும். தலைவரின் சாக்கும், பள்ளிவாசல் நிர்வாகியின் சாக்கும், கோயில் தர்மகர்த்தாவின் சாக்கும், எங்கள் சாக்கும் ஒன்றுதான்.

நான்காவது, அரசிடம் கேட்க வேண்டியது. இந்தச் சோதனைகளுக்கு மாதிரியைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு ஓடுகிற நிலை மாற வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. வன்னி விவசாயிக்காக ஒரு சோதனைச் சேவையை இங்கேயே, தாங்கக்கூடிய கட்டணத்தில் ஏற்படுத்தும்படி நம் பிரதிநிதிகளிடம் கேட்போம். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் இரவல் எடுக்கக்கூடிய ஒரு ஈரப்பதன்மானி இருக்கட்டும். இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. வீதி திறக்கிற விழாவுக்குக் கேட்கிற நாம் இதற்கும் வாய் திறந்து கேட்கலாம்.

இதில் மிகக் கடினமானது மூன்றாவதுதான் என்று எங்களுக்குத் தெரியும். காசு கொஞ்சம் தேடினால் வரும். ஒருவர் சாக்கை மற்றவர் கொட்டிப் பார்க்கும் அளவுக்கு நம்பிக்கை வேண்டுமே, அது எங்கே வரும்? முப்பது வருடத்துக்கு மேலாக இரண்டு சமூகமும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தே பழகிவிட்டோம். காணிப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. இந்த நிலையில், என் கச்சானின் தரத்துக்கு அயல் கிராமத்துத் தமிழ் அண்ணை சாட்சி, அவருடைய கச்சானுக்கு நான் சாட்சி என்று ஒரே தொகுதி இலக்கத்தின் கீழ் கையொப்பமிடுவது லேசான காரியமா?

லேசில்லை. ஆனால் அஃப்லடொக்சினுக்குச் சாதி சமயம் தெரியாது. ஒரே கொட்டிலில் ஒருவருடைய ஈரம் மற்றவரையும் அழித்துவிடும். ஒருவருடைய கவனம் மற்றவருக்கும் விலை கொண்டுவரும். மேடையில் நல்லிணக்கம் பேசுவதைவிட, ஒருவர் சாக்கை மற்றவர் கொட்டிப் பார்த்து, “இது காயேல்ல அண்ணை, இன்னும் ரெண்டு நாள் போடுங்கோ” என்று முகத்துக்கு நேரே சொல்வதும், அதைக் கேட்டவர் கோபிக்காமல் சாக்கைத் திரும்ப எடுத்துப் போவதும் பெரிய விடயம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்தக் கனடாத் தம்பிக்கு இந்த வருடம் முடியாது என்று பதில் எழுதிவிட்டோம். பொய்க் காகிதம் தேடித்தர ஒருவர் முன்வந்தார். வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுவே எங்களுக்குப் பாதி நம்பிக்கை தந்தது. அடுத்த அறுவடைக்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் தமிழர், ஆறு பேர் முஸ்லிம்கள்.

சாக்கில் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்ட பெரியவர்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். இன்னும் சேர விரும்புகிறவர்கள் விதைப்புக்கு முன் பாடசாலைப் பக்கம் வந்து எங்களைக் காணுங்கள். கொப்பியை நாங்கள் தருகிறோம். நம் உழைப்பில் இறைவன் பரக்கத் செய்வானாக.